வண்டிக்குத் தோள் இல்லை

காலையில் துணி துவைக்கும் மெஷினைத் திறந்தால் குப்பென்று ரோஜா வாசம். வேறு வீடாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நான் "அடிப்பாவி!" என்று கத்திவிட்டேன்.

நம் மகள் மலர் சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். அம்மாவுக்கு ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று, நம் கார் கழுவும் கடையின் டவல்களையெல்லாம் அள்ளி மெஷினில் போட்டு, அதோடு தன் சுடிதாரையும் என் பூத்துவாலையையும் சேர்த்து, கையோடு கொண்டுவந்திருந்த நீலப் பாட்டிலிலிருந்து வாசனைத் திரவத்தையும் மூடி மூடியாக ஊற்றியிருக்கிறாள். ஒரு டவலை எடுத்து என் கன்னத்தில் வைத்து, "எவ்ளோ மெத்துனு இருக்கு பாரும்மா" என்றாள்.

மெத்தென்றுதான் இருந்தது. கோளாறே அதுதானே.

"அந்தத் தண்ணி நூல் மேல மெழுகாட்டம் படிஞ்சிடும்டி. இனிமே இது ஈரத்தையே குடிக்காது. கண்ணாடியில வச்சுத் தேச்சா கோடு கோடா நிக்கும். உன் சுடிதார்ப் பஞ்சு பூரா இதுல ஒட்டிக்கிட்டு, நாளைக்குக் கருப்பு வண்டியில பொடுகு மாதிரி உக்காரும். யார் வந்து பதில் சொல்றது?"

மலர் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அம்மா, நீ அப்படியே அப்பாவாட்டம் பேசுற."

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. எந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்ததோ, எந்தப் பேச்சுக்காக உங்களோடு மல்லுக்கு நின்றேனோ, அதே பேச்சு என் வாயிலிருந்தே வருகிறது. போகிறவர் சும்மா போகாமல் இந்த வியாதியை என்னிடம் தள்ளிவிட்டுப் போயிருக்கிறீர்கள். டவல்களை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறேன். அது ஊறுகிற நேரத்தில் உங்களைத் திட்டி இதை எழுதுகிறேன். போனவருக்குக் கடிதம் எழுதினால் பதில் வருமா என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். உயிரோடு இருந்தபோதும் நான் கேட்டது எதற்கும் நீங்கள் பதில் சொன்னதில்லை. அந்த வகையில் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை.

ஷார்ஜாவிலிருந்து நீங்கள் ஒரேயடியாகத் திரும்பி வந்த நாளிலிருந்தே ஆரம்பிக்கலாம். திருச்சி விமான நிலையத்தில் பக்கத்து ஊர்ப் பெண்களோடு நானும் நின்றேன். அவரவர் வீட்டுக்காரர் பெட்டியிலிருந்து செண்டு பாட்டில், பால் பவுடர், புலி படம் போட்ட கம்பளி என்று வந்துகொண்டே இருந்தன. உங்கள் பெட்டியை வீட்டில் வந்து திறந்தேன். மஞ்சள், நீலம், சாம்பல் என்று அடுக்கடுக்காகச் சின்னத் துணிகள். நகையை அதற்குள் சுற்றி வைத்திருப்பீர்கள் என்று நம்பி ஒவ்வொன்றாக உதறினேன். ஒன்றும் விழவில்லை. நீங்கள்தான் பதறினீர்கள். "ஏய், தரையில போடாத! இது கார் தொடைக்கிற டவலு. மைக்ரோஃபைபர். ஒண்ணு என்ன வெல தெரியுமா?" அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், வீட்டில் எனக்குச் சக்களத்தி வந்துவிட்டாள் என்று.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் கிடையாது. அது மூடியிருக்கிற நேரம் அதிகமா, திறந்திருக்கிற நேரம் அதிகமா என்று பட்டிமன்றமே நடத்தலாம். ஊரே அந்தக் கேட்டைச் சபித்தது. நீங்கள் மட்டும் அதைக் கும்பிட்டீர்கள். கேட்டுக்குச் சற்று முன்னால், ரோட்டோரமாக இருந்த நம் மனையில் கொட்டகை போட்டுக் கார் கழுவும் கடையை ஆரம்பித்தீர்கள். வரிசையில் மாட்டிக்கொண்டு நிற்கிற வண்டிகளுக்கு நடுவே போய், எவனாவது ஒருவனுடைய முன்கண்ணாடியைச் சும்மா துடைத்துக் கொடுப்பீர்கள். அவன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, ஊரை முதல் தடவையாகப் பார்ப்பவன் போல விழிப்பான். அடுத்த வாரம் வண்டியோடு வந்து நிற்பான்.

கடை நன்றாகத்தான் ஓடியது. ஓடாமல் கிடந்தது என் குடித்தனம். கார் உடம்புக்கு ஒரு நிற டவல், கண்ணாடிக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று. ஒன்றோடொன்று சேர்த்துத் துவைக்கக் கூடாது. வீட்டுத் துணியோடு நிச்சயமாகக் கூடாது. சோப்புத்தூள் கூடாது, கரையாமல் நிற்கும். திரவம்தான் ஊற்ற வேண்டும், அதையும் கஞ்சத்தனமாக. சுடுதண்ணீர் கூடாது. அடித்துத் துவைக்கக் கூடாது. ஓரத்தில் தைத்திருக்கிற லேபிள் கோடு போடும் என்று என்னுடைய நல்ல கத்தரிக்கோலை எடுத்து எல்லாவற்றையும் வெட்டினீர்கள். காய்ந்ததும் உள்ளங்கையால் ஒவ்வொன்றையும் தடவி, மணல் இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். பெண் பார்க்க வந்தபோது என்னைக்கூட நீங்கள் அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை.

தரையில் விழுந்த டவலுக்கு மன்னிப்பே கிடையாது. அது எவ்வளவு புதிதாக இருந்தாலும் அன்றோடு சக்கரத்துக்கு மாற்றல். ஒரு தடவை நான் டவல் கூடையோடு பாசியில் வழுக்கி விழுந்தேன். ஓடி வந்தீர்கள். ஓடி வந்து கூடையைத் தூக்கினீர்கள். "நல்லவேளை, உன் மேலதான் விழுந்திருக்கு" என்றீர்கள். இடுப்பு வலி எனக்கு இன்னும் அமாவாசைக்கு அமாவாசை வருகிறது.

காயப் போடுவதாவது லேசாக இருந்ததா? வெயில் ஆகாது, நூல் முரடாகிவிடும். வெளியில் நிழலும் ஆகாது. அறுப்புக் காலத்தில் வைக்கோல் தூசி, மற்ற காலத்தில் ரோட்டுப் புழுதி. கடைசியில் நம் படுக்கையறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டினீர்கள். மல்லாந்து படுத்தால் மூக்குக்கு மேலே மஞ்சளும் நீலமும் தொங்கும். எதிர்வீட்டுப் பங்கஜம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஏண்டி, இந்த வயசுல எதுக்கு இத்தன புள்ளத்துணி?" என்று என்னைக் கேட்டாள். என்னைக் கேட்டதோடு நிறுத்தினாளா? சாயங்காலத்துக்குள் பால்காரர் என்னைப் பார்த்து, "உடம்பைப் பாத்துக்கங்கம்மா" என்றார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒன்றியம் விஷயத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவருக்குப் பெயர் என்று ஒன்று உண்டு. ஒன்றியச் செயலாளராக இருந்ததால் ஊருக்கு அவர் ஒன்றியம்தான். அவர் சம்சாரமே அப்படித்தான் கூப்பிடும். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள் என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்வேன். கேட்டால் அவருக்கே சில சமயம் யோசிக்க வேண்டிவரும். ஆனால் நல்ல மனுஷர். தாலுகா ஆபீசில் அவர் சொன்னால் நடக்கும். நமக்கோ தாலுகா ஆபீசில் ஒரே ஒரு காரியம் நடக்க வேண்டியிருந்தது. கடையும் வீடும் இருக்கிற மனைக்குப் பட்டா. உங்கள் அப்பா அந்தக் காலத்தில் மிராசு நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருந்த இடம் அது. குடியிருந்தவனுக்கே சொந்தம் என்று சட்டம் வந்தும், மிராசு வீட்டு வாரிசுகள் வழக்குப் போட்டதில் நம்முடையது மட்டும் தொங்கிக்கொண்டே நின்றது. மனை நம்முடையது என்பது ஊருக்குத் தெரியும், தாலுகா ஆபீசுக்குத்தான் தெரியாது. நாளைக்கே எவனாவது வந்து எழுந்திரு என்றால் கொட்டகையையும் குடும்பத்தையும் தூக்கிக்கொண்டு கேட்டில் போய் நிற்க வேண்டியதுதான். "அடுத்த ஜமாபந்தியில முடிச்சுத் தர்றேன்மா" என்று ஒன்றியம் என் கையில் அடித்துச் சொல்லியிருந்தார்.

அது மின்வெட்டுக் காலம். குறுவை அறுப்பு. ரோட்டில் பாதியில் நெல் காய்ந்தது, மீதிப் பாதியில் வண்டி போனது. தஞ்சாவூருக்குக் கட்சித் தலைவர் வருகிறார். வரவேற்கப் போகிற கார் வரிசையில் தன்னுடைய வெள்ளைக் கார் முன்னால் பளபளக்க வேண்டும் என்று ஒன்றியம் விடிந்ததும் வந்துவிட்டார். நீங்கள் நுரை போட்டு அலசி முடித்து டவல் எடுக்க வந்தால், எல்லாம் மெஷினுக்குள் சோப்புத் தண்ணீரில் கிடக்கின்றன. கரண்ட் போய்விட்டது. பெட்டியில் மிச்சமிருந்தவை சக்கர டவல்கள்.

"கொஞ்சம் பொறுங்க தலைவரே. கையால அலசிப் புழிஞ்சு எடுத்தாந்துடறேன்."

"பொறுக்கறதா? கேட்டத் தொறந்தா நான் பறக்கணும்யா!"

கேட் மூடியிருந்தது. பஸ், லாரி, டிராக்டர் எல்லாம் நின்றன. வேலையில்லாத ஜனம் இறங்கி வேடிக்கை பார்த்தது. ஒன்றியம் போய் டிக்கியைத் திறந்தார். உள்ளே ஒரு ஜவுளிக்கடையே இருந்தது. மேடைக்கு மேடை அவருக்குப் போர்த்திய துண்டுகள், சால்வைகள்.

"இத்தன இருக்கு. எதையாவது எடுத்துத் தொட."

"ஜரிகையும் முரட்டு நூலுமா இருக்குங்க. கோடு விழுந்துடும்."

"அப்ப இதப் புடி. நல்ல பருத்தி. தொவச்சுத் தொவச்சுப் பஞ்சாட்டம் ஆனது." தன் தோளில் கிடந்த துண்டையே உருவி உங்களிடம் நீட்டினார். கோபமாகக்கூட இல்லை. பாசமாகத்தான் நீட்டினார்.

நான் வாசற்படியில் நின்று கையால் காட்டினேன், கண்ணால் காட்டினேன், கடைசியில் வாய்விட்டே சொன்னேன். "ஏங்க, வாங்கிக்குங்களேன்."

நீங்கள் அந்தத் துண்டைப் பார்த்தீர்கள். ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டீர்கள். அதைத் தொடவில்லை.

"வேணாம் தலைவரே. அது தோள்ல போடறது. வண்டிக்குத் தோள் இல்லீங்களே."

பஸ் ஜன்னலில் ஒருத்தன் சிரித்தான். அவ்வளவுதான், வரிசை முழுக்கத் தொற்றிக்கொண்டது. டிராக்டர்க்காரன் எழுந்து நின்று, "ஒன்றியம், வண்டிக்கு ஒரு தோளு வாங்கிக் குடுங்க!" என்று கத்தினான். முதலில் ஒன்றியமும் சிரித்தார். எத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். துண்டை மறுபடி தோளில் போட்டுச் சரிசெய்தார்.

"சரிப்பா. வண்டிக்குத் தோள் இல்ல. பட்டாவுக்கும் கால் இல்ல. யாராவது தூக்கிட்டு வந்தாத்தான் வரும். புரியுதுல்ல?"

கேட் திறந்தது. சொட்டச் சொட்ட ஈரத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் வைக்கோல் தூள் ஒட்டி, தஞ்சாவூர் போய்ச் சேரும்போது கார் பொரி உருண்டையாட்டம் இருந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். தலைவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லையாம்.

அன்றைக்கு நான் உங்களைப் பேசிய பேச்சு எனக்கே ஞாபகம் இருக்கிறது. "அவரு துண்டு, அவரு வண்டி, கோடு விழுந்தாலும் அது அவரு கோடு. உங்களுக்கு என்னங்க போச்சு? ஒரு கந்தல் துணிக்காக வீட்டையே குடுத்துட்டு நிக்கிறீங்களே!" நீங்கள் மெஷினுக்குள் கையை விட்டு ஒவ்வொரு டவலாக எடுத்துப் பிழிந்துகொண்டிருந்தீர்கள். கோபத்தில் நானும் ஒன்றை எடுத்து முறுக்கினேன். "முறுக்கிப் புழியாத, அமுக்கிப் புழி" என்று எனக்குப் பதில் வந்தது.

அப்புறம் ஜமாபந்தி வந்தது, போனது. ஒவ்வொரு தடவையும் நான்தான் மனுவோடு போய் நின்றேன். "பெரியவங்க யாரையாவது சொல்லச் சொல்லுங்கம்மா" என்பார்கள். சொல்லக்கூடிய பெரியவரைத்தான் நீங்கள் ரயில்வே கேட் முனையில் வைத்துச் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்துவிட்டீர்களே. வீட்டுக்கு வந்து உங்களைப் பிடித்துக்கொள்வேன். இந்த ஊரில் எல்லா வீட்டிலும் சண்டை உண்டு. நகைக்காக, நாத்தனாருக்காக, இன்னொருத்திக்காக. துண்டுக்காகச் சண்டை போட்ட வீடு நம்முடையது ஒன்றுதான். பங்கஜமே சலித்துப்போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருக்காட்டுப்பள்ளியில், எனக்கு அண்ணி முறையான உங்கள் அக்கா வீட்டில் கல்யாணம். நானும் அண்ணியும் பந்திக்கு வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தோம். வழக்கம்போல உங்களைப் பற்றி நான் ஆரம்பித்தேன். ஒன்றியம், துண்டு, பட்டா என்று அபிநயத்தோடு நடித்துக் காட்டினேன். சுற்றி இருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவன் சொல்லலயா உனக்கு?" என்றார்.

"எதை அண்ணி?"

"மிராசு காரு மதகுகிட்ட சேத்துல மாட்டிக்கிச்சு. நாங்க சின்னப்புள்ளைங்க. இவன் என் இடுப்புல. ஆளுங்கல்லாம் சேந்து தள்ளி மேல ஏத்துனாங்க. அப்பல்லாம் மிராசு முன்னாடி துண்டு தோள்ல இருக்கப்படாது, தெரியும்ல? அப்பா இடுப்புல கட்டியிருந்தாரு. அத அவுத்துக் காரத் தொடடான்னாங்க. தொடச்சாரு. சேத்துல மணலு. கதவு பூராக் கோடு விழுந்துடுச்சு. அதுக்கு அந்தக் கார் ஓட்டறவன் எறங்கி வந்து, அதே துண்டால அப்பா மூஞ்சிலயே அடிச்சான். மிராசு உள்ள உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு."

வெற்றிலையை அடுக்கி வைத்தார். "அந்தத் துண்ட அப்பா வீட்டுக்குக் கொண்டாரல. வாய்க்காலோட விட்டுட்டு வந்துட்டாரு. சங்கம் வந்து, கொடி ஏத்தி, கூலியில அரைப்படி நெல்லு சேத்துக் கேட்டு, அதுக்கப்பறம்தான் தோள்ல துண்டு போட்டாரு. போட்டவரு தூங்கறப்பகூட எடுக்கல."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அப்புறம் என்ன வந்தது தெரியுமா? கண்ணீர் வரவில்லை. கோபம்தான் வந்தது. வினிகர் எத்தனை மூடி ஊற்ற வேண்டும் என்று எனக்கு ஆயிரம் தடவை சொன்னீர்கள். லேபிளை எந்தப் பக்கமிருந்து வெட்ட வேண்டும் என்று சொன்னீர்கள். இதை ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? வருஷக்கணக்காக ஊரெல்லாம் உங்களைக் கேலி பேசி, அதற்கு நடிப்பு வேறு நடித்துக்கொண்டு திரிந்தவளை, ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருக்கலாமே.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "மதகுகிட்ட நடந்தத அண்ணி சொன்னாங்க."

நீங்கள் கொடியில் டவலை விரித்துக்கொண்டிருந்தீர்கள். "அவளுக்கு வேற வேலையில்ல" என்றீர்கள். கொஞ்சம் கழித்து, "அந்த நீலம் காஞ்சிடுச்சா பாரு."

காய்ந்திருந்தது. மடித்து வைத்தேன். அதற்குப் பிறகு டவலைப் பற்றி நான் சண்டை போடவில்லை என்று எழுத ஆசைதான். போட்டேன். பட்டா இல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லையே, என்ன செய்ய? ஆனால் யாரிடமும் நடித்துக் காட்டுவதை மட்டும் விட்டுவிட்டேன்.

நீங்கள் போனது அறுப்பு வண்டிகள் வரிசை கட்டி நின்ற தை மாதத்தில். சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. இப்போது கழுவ ஆட்கள் வருகிறார்கள். டவல் மட்டும் என் பொறுப்பு.

உங்களுக்குச் சொல்ல வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. பட்டா வந்துவிட்டது.

யார் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று கேட்பீர்கள். ஒருவருமில்லை. மிராசு வீட்டு வாரிசுகள் ஆளுக்கொரு தேசத்துக்குப் போய்விட்டார்கள். வழக்கை நடத்த ஆளில்லாமல் அது தானாகச் செத்தது. தேர்தல் வந்தது. தொங்கிக்கொண்டிருந்த மனைக்கெல்லாம் சேர்த்துக் கல்யாண மண்டபத்தில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் அன்றைக்குத் துண்டை வாங்கியிருந்தாலும் வழக்கு முடியாமல் இது வந்திருக்காது என்று தாலுகா ஆபீசிலேயே சொன்னார்கள். அப்படியென்றால் நாம் போட்ட சண்டை அத்தனையும் தண்டம். இதைக் கேட்டு நீங்கள் சிரித்திருப்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். வாங்கிக்கொண்டு இறங்கினால் முன்வரிசையில் ஒன்றியம். இப்போது பதவியும் இல்லை, காரும் இல்லை. வயதாகிவிட்டது, யாரோ போர்த்திய புதுத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கஷ்டப்பட்டு எழுந்தார். துண்டை எடுத்து என் தோளில் போட்டார்.

"நீயாச்சும் வாங்கிக்கம்மா. ஒன் வீட்டுக்காரரு வாங்க மாட்டேன்னுட்டாரு" என்றார். பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது. "அவருக்கும் சேத்து வாங்கிக்கறேங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து அந்தத் துண்டை வைத்துக்கொண்டு முழித்தேன். வண்டிக்கு ஆகாது. தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனால் பங்கஜம் என்னைத் தேர்தலில் நிறுத்திவிடுவாள். மறுநாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தேன். கைக்கு அதுதான் அகப்பட்டது. எடுத்து நன்றாகத் துவட்டிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் என் நரையெல்லாம் சிவப்பு. துண்டுக் கரையின் சாயம் அத்தனையும் என் தலையில். புதுத் துணியை உப்புத் தண்ணீரில் ஊறப் போடாமல் யாராவது தொடுவார்களா? தொட்டேன். கண்ணாடி முன்னால் நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டு, யாராவது திட்டுவார்கள் என்று கொஞ்ச நேரம் நின்றேன்.

பலதும் போட்டுத் தேய்த்தாகிவிட்டது. காதுக்கு மேலே மட்டும் கொஞ்சம் போக மாட்டேன் என்கிறது. வந்த அன்றைக்கே மலர் அதை விலக்கிப் பார்த்து, "இது என்னம்மா கலரு?" என்று கேட்டாள்.

"உங்கப்பாவக் கேளு" என்றேன்.